வீட்டைவிடத் தெருவை முதலில் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி திறப்பதற்குள் குடியேறிவிட வேண்டும் என்று, வேலை மாற்றலாகிச் சென்னைக்கு வருகிறவர்கள் வீடு தேடி அலையும் காலம் இது. புது அடுக்குமாடிகளின் வாடகையையும் மாதாந்தரப் பராமரிப்புத் தொகையையும் கேட்டு மலைத்துப்போய்ப் பலர் மேற்கு மாம்பலம், மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, புரசைவாக்கம் பக்கம் திரும்புகிறார்கள். நல்ல முடிவுதான். ஆனால் பத்து நிமிடம் அறைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். பழைய பேட்டையில் வீட்டைவிடத் தெருவை முதலில் பார்க்க வேண்டும்.

வாசலில் நின்று படிகளை எண்ணுங்கள். அந்தக் காலத்து வீடுகளை மூன்று நான்கு படி உயர்த்தித்தான் கட்டினார்கள். தார் மேல் தார் போட்டுத் தெரு உயர உயர, படிகள் ஒவ்வொன்றாய்ப் புதைந்தன. சில வீடுகளில் இப்போது தெருவிலிருந்து உள்ளே இறங்க வேண்டியிருக்கிறது. பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிது போட வேண்டும் என்று அரசு உத்தரவு உண்டு. அது எல்லாத் தெருவிலும் நடந்திருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது. இறங்கிப் போகிற வீட்டில் மழைநீரோடு தொல்லை முடிவதில்லை. தெரு மேன்ஹோல் மூடி உங்கள் கழிவறைத் தரையைவிட உயரத்தில் இருந்தால், பெருமழையில் சாக்கடைக் குழாய் நிரம்பும்போது கழிவுநீர் மேன்ஹோலில் பொங்குவதற்கு முன்பே உங்கள் குளியலறைச் சல்லடை வழியாக ஏறிவிடும்.

தெருப்பெயரும் துப்புக் கொடுக்கும். தியாகராய நகர் 1920களில் பழைய நீண்ட ஏரியின் பரப்பில் உருவான பேட்டை. ஏரி போய்விட்டது, மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' மட்டும் மிச்சம். நுங்கம்பாக்கத்தில் 'லேக் ஏரியா' என்றே ஒரு பகுதி இருக்கிறது. தண்ணீருக்குப் பழைய வழி மறக்காது. 2015 டிசம்பரில் தண்ணீர் எந்தப் படிவரை வந்தது என்று எதிர்வீட்டுப் பெரியவரையோ முனைக்கடைக்காரரையோ கேளுங்கள். தரகரைக் கேட்டுப் பயனில்லை. முடிந்தால் ஐப்பசி மழையில் ஒரு முறை அந்தத் தெருவில் நடந்து பார்த்துவிடுங்கள். ஆடியில் யாரும் குடிபோக மாட்டார்கள் என்பதால் அந்த மாதம் வாடகை பேசச் சௌகரியம்.

வீட்டுக்குள் போனதும் அண்ணாந்து பார்க்க வேண்டும். தேக்கு உத்திரத்தின்மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, தட்டை ஓடு பதித்த கூரைக்கு மெட்ராஸ் டெரஸ் என்று பெயர். வெயிலுக்கு இதை மிஞ்ச ஆளில்லை. இதைக் கெடுப்பது பெரும்பாலும் மராமத்துதான். ஒழுகுகிறது என்று மொட்டைமாடியில் சிமென்ட் பூசுவார்கள். சுண்ணாம்பு வெயிலிலும் மழையிலும் அசைந்து கொடுக்கும், சிமென்ட் கொடுக்காது. மேலே தலைமுடி போல மெல்லிய விரிசல் விழும், அதன் வழியே இறங்கிய நீர் ஆவியாக வழியில்லாமல் உள்ளேயே தங்கி, உத்திரம் சுவருக்குள் நுழையும் முனையை மக்கச் செய்யும். ஸ்டூலில் ஏறி அந்த முனையை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். 'டக்' என்றால் சரி. மாவாக உள்ளே போனால் வேறு வீடு பாருங்கள். அந்தக் கூரைமேல் ஆயிரம் லிட்டர் தொட்டி வைத்திருந்தாலும் யோசியுங்கள், நிரம்பினால் தண்ணீர் மட்டுமே ஒரு டன்.

எழுபது, எண்பதுகளில் கட்டிய கான்கிரீட் ஃபிளாட் என்றால் நோய் வேறு. பெசன்ட் நகர், திருவான்மியூர் போலக் கடலோரத்தில் உப்புக் காற்று கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும்; துரு இரும்பைவிடப் பருமன் கூடியது, அதனால் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். பால்கனியின் அடிப்பக்கம், சன்ஷேடு, குளியலறைக்குக் கீழ் உள்ள கூரை ஆகிய மூன்றையும் சாவியால் தட்டினால் டொக்டொக் என்று வெற்றொலி வரும் இடம் தெரியும். உங்கள் குளியலறை ஒழுகுகிறதா என்பது கீழ்வீட்டுக்காரர் கூரையில்தான் தெரியும். கூச்சப்படாமல் கதவைத் தட்டுங்கள்.

காலையில் முதன்முதலாகக் குழாயைத் திறந்து வெள்ளை மக்கில் தண்ணீர் பிடியுங்கள். செந்நிறமாக வந்தால் ஜிஐ குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) உள்ளுக்குள் துருவேறிவிட்டது. சித்திரையில் கிணற்றில் எத்தனை உறை வெளியே தெரிகிறது, மெட்ரோ தண்ணீர் (குடிநீர் வாரியத்தின் குழாய்நீர்) எத்தனை மணிக்கு வருகிறது, சம்பு (தரைக்கடித் தொட்டி) தனியா பொதுவா என்று விசாரியுங்கள். பழைய ஃப்யூஸ் கட்டையும் மரச்சட்டத்தில் ஓடும் வயரிங்கும் இருக்கும் வீட்டில் ஏசி, ஹீட்டர் மாட்டவே கூடாது; இரண்டுக்கும் தனித்தனிச் செப்பு வயரும் எம்சிபியும் (மின்சுமை மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்) வேண்டும், எர்த்திங்கும் ஆர்சிசிபியும் (மின்கசிவு வந்தால் தானே அணையும் சுவிட்ச்) கட்டாயம். போர்ஷன் வீடுகளில் மீட்டர் யாருடையது என்று கேளுங்கள். வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம். மூன்று குடும்பத்துக்கு ஒரே மீட்டர் என்றால் அந்தச் சலுகையும் ஒன்றுதான், மொத்த யூனிட்டும் சேர்ந்து கட்டணப்படியில் மேலே ஏறும்.

வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம். பத்து மாதம் கேட்பது ஊர் வழக்கம். பேசிப் பாருங்கள்.

வாங்குகிறவர்களுக்கு இரண்டு சொற்கள். மயிலாப்பூர், திருவல்லிக்கேணியில் மனை கோயிலுக்கும் கட்டடம் குடியிருப்பவருக்கும் சொந்தமான இடங்கள் உண்டு. வில்லங்கச் சான்றோடு தாய்ப்பத்திரத்தையும் பட்டாவையும் சேர்த்துப் பாருங்கள். பழைய ஃபிளாட்டில் நீங்கள் உண்மையில் வாங்குவது பிரிபடாத பாகத்தைத்தான், அதாவது மனையில் உங்களுக்குரிய பங்கை. இரண்டு கிரவுண்டு, அதாவது 4,800 சதுர அடியில் சம அளவில் எட்டு ஃபிளாட் என்றால் ஒருவருக்கு 600 சதுர அடி வர வேண்டும். உங்கள் பத்திரத்தில் 450 என்றிருந்தால் மீதி யார் பேரில் இருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். நாளை இடித்துக் கட்டும்போது கணக்கு அந்த எண்ணை வைத்துத்தான்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். 'காற்றோட்டமான வீடு, சிறு குடும்பத்துக்கு மட்டும்' என்று ஞாயிற்றுக்கிழமை வரி விளம்பரங்கள் வருகின்றன. கட்டடத்தின் வயது, தெருவிலிருந்து தரை எத்தனை அடி உயரம், தனி மீட்டரா என்ற மூன்றையும் விளம்பரதாரர்களிடம் கேட்டு வாங்கிப் போடலாமே. கூடுதலாக ஒரு வரிதான் ஆகும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மேற்கு மாம்பலம், சென்னை