மூக்குக்கு மட்டும் இத்தனை ஸ்லைடரா?

கேம் ஸ்டூடியோக்களில் கேரக்டர்களை வடிவமைக்கும் ஓவியர்களுக்கும் ஆர்ட் டைரக்டர்களுக்கும்,

வணக்கம். புது கேம் ஒன்றை நிறுவியதும் கதைக்குள் நுழையும் முன்பே கேரக்டர் உருவாக்கும் திரையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிடுகிற ஆள் நான். மூக்கின் நுனியைத் தூக்க ஒன்று, துளையை அகட்ட ஒன்று, தண்டை வளைக்க ஒன்று என்று அங்கே இழுத்து நகர்த்துகிற ஸ்லைடர்கள் வரிசைகட்டி நிற்கும். சரி, இனி உடம்பு என்று அடுத்த பக்கம் போனால் ‘ஒல்லி’, ‘கட்டுமஸ்து’ என்று இரண்டு பொத்தானோடு கடை மூடிவிடும். பெண் உடல் என்றால் பல கேம்களில் அந்த இரண்டுகூடக் கிடையாது. டிராகன் மேல் ஏறிப் பறக்கலாம், ஆனால் பறக்கிற பெண் என் பருமனில் இருக்கக் கூடாது.

நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்று தெரியும். எல்லாக் கேரக்டர்களும் கணினியில் கட்டிய ஒரே எலும்புக்கூட்டைப் பகிர்ந்துகொள்கின்றன, ஓடுவது, குதிப்பது, ஏணி ஏறுவது என எல்லா அசைவும் அதன் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. உடல் பருத்தால் கை இடுப்புக்குள் புகுந்துவிடும், கவசத்தைக் கிழித்துக்கொண்டு சதை வெளியே வரும், ஒவ்வொரு உடுப்பையும் மறுபடி பொருத்த வேண்டும். உண்மைதான், சின்ன வேலை இல்லை. ஆனால் இந்தக் கணக்கை நாங்கள் முன்பே ஒரு முறை கேட்டிருக்கிறோம். 2014-ல் ‘அசாசின்ஸ் க்ரீட் யூனிட்டி’யில் நண்பர்களோடு சேர்ந்து ஆட ஏன் பெண் கேரக்டர் இல்லை என்று கேட்டபோது, வேலைப்பளுவைத்தான் காரணமாகச் சொன்னார்கள். அதே தொடரில் முன்பு வேலை பார்த்த ஒரு அனிமேட்டரே, ஒன்றிரண்டு நாள் வேலைதானே என்று பொதுவெளியில் எழுதிவிட்டார். மறு வருடம் அதே தொடரில் வந்த ‘சிண்டிகேட்’டில் ஈவி ஃப்ரை என்ற பெண்ணாகவும் ஆட முடிந்தது. இன்னொரு பக்கம், 1996-லேயே ‘டெட் ஆர் அலைவ்’ என்ற சண்டை கேமில் பெண்களின் மார்பு குலுங்குவதற்கென்றே தனி அசைவு செய்திருந்தார்கள். அன்றைய கணினிகளின் சக்திக்கு அது எவ்வளவு பெரிய ஆடம்பரம் என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

அதற்கும் முன்னால் 1986-ல் ‘மெட்ராய்டு’ என்ற கேம் வந்தது. கனத்த கவசத்துக்குள் இருப்பது சாமுஸ் என்ற பெண் என்று கடைசியில் காட்டியது பெரிய விஷயம்தான். அப்புறம் என்ன செய்தார்கள் தெரியுமா? எவ்வளவு சீக்கிரம் ஆட்டத்தை முடிக்கிறோமோ அவ்வளவு குறைந்த உடையில் அவளை நிறுத்தினார்கள். ஒரு மணி நேரத்துக்குள் முடித்தால் நீச்சலுடை! விண்மண்டலத்தையே காப்பாற்றியவளின் உடம்பு ஆடியவருக்குப் பரிசாகிவிட்டது.

கதையிலேயே காரணம் இருக்கிறது என்பார்கள் சிலர். 2015-ல் வந்த ‘மெட்டல் கியர் சாலிட் 5’-ல் க்வையட் என்ற பெண் தோலால் சுவாசிக்கிறாளாம், அதனால் உடை போட முடியாதாம். அதே தொடரின் 2004 பாகத்தில் தி எண்ட் என்று ஒரு கிழவர் வருகிறார். அவரும் வெயிலைக் குடித்தே தெம்பு பெறுகிற துப்பாக்கிக்காரர்தான். அவருக்கு மட்டும் உடம்பை மூட உடுப்பு இருக்கிறது.

ஆண்களை மட்டும் நன்றாக நடத்துகிறீர்களா என்றால், அதுவும் இல்லை. கதவளவு தோளும் தொடையளவு கழுத்தும் இல்லாதவன் நாயகனாவது கஷ்டம். தொப்பை இருந்தால் கோமாளி, இல்லையென்றால் அடியாள். தொப்பையுள்ள பெண்ணுக்கு அந்த அடியாள் வேலைகூடக் கிடைப்பதில்லை.

மாற்றினால் ரசிகர்கள் திட்டுவார்கள் என்ற உங்கள் பயம் பொய்யில்லை. ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ இரண்டாம் பாகத்தில் ஏபி என்ற கட்டுமஸ்தான பெண் வந்தபோது, பெண்ணுக்கு இப்படிக் கை இருக்குமா என்று கத்தினார்கள். நிஜ விளையாட்டு வீராங்கனை ஒருவரின் உடலைப் பார்த்துச் செய்த கை அது. அப்பாவைக் கொன்றவனைத் தேடிக்கொண்டே வருடக்கணக்கில் பயிற்சி எடுத்தவளுக்கு வேறு எப்படிக் கை இருக்கும்? குரல் கொடுத்த நடிகைக்குக் கொலை மிரட்டல்கூட வந்தது. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் கேரக்டர்களில் எனக்கு மறக்காத உடல் அவளுடையதுதான், ஏனென்றால் அவள் வாழ்ந்த வாழ்க்கை அதில் தெரிகிறது. 2023-ல் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’-ல் கேமி என்ற சண்டைக்காரிக்குக் கால்சட்டை போட்டீர்கள். அவள் உதையின் வேகம் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அடுத்த கேமுக்கு வேலை தொடங்கும்போது, எலும்புக்கூட்டைப் பூட்டி வைப்பதற்கு முன்பே பல உடல்களை வரைந்துவிடுங்கள். கடைசி மாதத்தில் கேட்டால்தான் அது செலவு. ஆணுக்கு வயிற்றை மூடுகிற கவசம் பெண்ணுக்கும் வயிற்றை மூடட்டும். எனக்கு வயிறு, தோள், தொடை என்று மூன்று ஸ்லைடர் போதும். மூக்கு எப்படி இருந்தாலும் பரவாயில்லை, ஹெல்மெட் போட்டதும் அது தெரியவே போவதில்லை.

இப்படிக்கு,
முதல் திரையிலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பவள்