பழைய கேம் ஷோவைத் திரும்பக் கொண்டுவரும் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தயாரிப்பாளர்களே,

நின்றுபோன ஒரு கேம் ஷோ திரும்ப வருகிறது என்று அறிவிப்பு வந்தாலே எனக்கு மனசு துள்ளும். கூடவே ஒரு பயமும் வரும்: இந்தத் தடவை எதை மாற்றி வைத்திருக்கிறார்களோ!

மாற்றவே கூடாது என்று சொல்ல வரவில்லை. பொருள்களின் விலையை ஊகிக்கும் அமெரிக்க நிகழ்ச்சியான 'தி பிரைஸ் இஸ் ரைட்' 1956-இல் தொடங்கியபோது கிட்டத்தட்ட ஓர் ஏலம்தான். 1972-இல் திரும்ப வந்தபோது பார்வையாளர் வரிசையிலிருந்தே ஆட்களைக் கூப்பிட்டார்கள், மேடையில் விதவிதமான விலை விளையாட்டுகள் வைத்தார்கள். ஆனாலும் விலையை ஊகிக்கும் வேலை மாறவில்லை. டிவி முன்னால் உட்கார்ந்திருப்பவரும் கூடவே ஊகிக்கலாம். அதனால்தான் இன்றுவரை ஓடுகிறது.

மூன்று பேர் போட்டியிடும் அமெரிக்க வினாடி வினா 'ஜெப்பர்டி'-யின் கதை இன்னும் தெளிவு. 1978-இல் அதைத் திரும்பக் கொண்டுவந்தவர்கள், ஒவ்வொரு சுற்று முடிவிலும் கடைசியில் இருப்பவரை வெளியே அனுப்பினார்கள். பின்தங்கியவர் எழுந்து வருவாரா என்று காத்திருக்க வழியே இல்லை. சில மாதங்களில் நின்றுவிட்டது. 1984-இல் மூவரும் கடைசிவரை ஆடும்படி மறுபடி வந்தது. அதிலும் ஒரு சிக்கல்: கேள்வியாக வரும் துப்பைப் படித்து முடிப்பதற்குள், பதில் சொல்ல முந்தும் யாராவது பஸ்ஸர் பொத்தானை அழுத்திவிடுவார்கள், வீட்டில் இருப்பவருக்கு யோசிக்க நேரமே கிடைக்காது. அடுத்த வருடமே, முழுதாகப் படித்த பிறகுதான் அழுத்தலாம் என்று மாற்றினார்கள். முந்திக்கொண்டு அழுத்தினால் பஸ்ஸர் கால் நொடி பூட்டிக்கொள்ளும். சின்ன மாற்றம்தான். ஆனால் பார்க்கிறவரை மனதில் வைத்துச் செய்தது.

இனி 'ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர்': கேள்விக்குக் கேள்வி பரிசுத் தொகை ஏணிபோல ஏறும் வினாடி வினா. போட்டியாளர் நான்கு விடைகளையும் வாய்விட்டுப் படிப்பார். "சி இல்லை... ஆனா பி-யும் இருக்கலாம்" என்று முணுமுணுப்பார், தண்ணீர் குடிப்பார், தொகுப்பாளர் முகத்தைப் பார்ப்பார். அந்த நேரம் முழுக்க நாமும் அவருடைய நாற்காலியில்தான் இருக்கிறோம். 2008-இல் அமெரிக்கப் பதிப்பு கடிகாரம் வைத்தது: முதல் ஐந்து கேள்விகளுக்குத் தலா 15 நொடி. முணுமுணுப்பு போய்விட்டது. 2010-இல் கடிகாரத்தை எடுத்துவிட்டு, முதல் சுற்றின் 10 கேள்விகளையும் அவற்றுக்கான தொகையையும் கலைத்துப் போட்டார்கள். அப்புறம் படி ஏறுகிற உணர்வும் போனது. 2015-இல் பழைய ஏணிக்கே திரும்பினார்கள்.

2018-இல் திரும்பிய பிரிட்டன் பதிப்பு வேறு மாதிரி செய்தது. இரண்டாவது பாதுகாப்புத் தொகையை (அதன் பிறகு தவறாகச் சொன்னாலும் கையில் நிற்கும் தொகையை) எங்கே வைப்பது என்று போட்டியாளரே முடிவு செய்யலாம். இப்போதே வைத்துவிடலாமா, இன்னும் ஒரு கேள்வி போகட்டுமா? இதை வீட்டிலும் சண்டை போட்டுப் பேசலாம். எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இதுதான்.

சரி, என் வேண்டுகோள். செட், விளக்கு, இசை, தொகுப்பாளர் எல்லாம் உங்கள் விருப்பம். ஒரு விதியை மாற்றப் போகிறீர்களா? படப்பிடிப்புக்கு முன்னால், அதே கேள்விகளைப் பழைய விதியில் ஒருமுறையும் புது விதியில் ஒருமுறையும் ஆடவிடுங்கள். நிகழ்ச்சியோடு சம்பந்தமே இல்லாத சிலரை எதிரில் உட்கார வையுங்கள். மேடையைப் பார்க்காதீர்கள், அவர்களைப் பாருங்கள். எந்த விதியில் அவர்கள் போட்டியாளரை முந்திக்கொண்டு விடையைக் கத்துகிறார்களோ, அதை வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
டிவி முன்னால் இருந்து கத்துகிறவர்களில் ஒருவர்