அறைச் சாவியோடு இதையும் கொடுங்கள்

அமைதியான தீவுக் கடற்கரைகளில் விடுதி நடத்துவோருக்கு வணக்கம்.

குழந்தைகளோடு வருபவர்கள் உங்கள் கரையைத் தேடி வருவதே அங்கே கூட்டம் இல்லை என்பதற்காகத்தான். கூட்டமில்லாத கரையில் உயிர்காப்பாளரும் இருப்பதில்லை, எச்சரிக்கைக் கொடியும் இருப்பதில்லை. ஆகவே சாவி கொடுக்கும்போதே கடல் எங்கே இழுக்கும் என்று கையால் காட்டிச் சொல்லுங்கள். பெட்டியை வைத்த கையோடு பிள்ளைகள் தண்ணீருக்கு ஓடிவிடுவார்கள். மறுநாள் காலையில் சொல்வது தாமதம்.

புதியவர் கண்ணுக்கு ஆபத்தான இடமே நல்ல இடமாகத் தெரியும். இருபுறமும் அலை உடைந்து நுரைக்க, நடுவில் மட்டும் நுரையின்றிச் சற்றே கருத்த ஒரு பட்டை அசையாமல் கிடக்கும். அலைகள் கரையில் கொண்டுவந்து குவித்த நீர் கடலுக்குத் திரும்புகிற வழி அது. பவளப்பாறை சூழ்ந்த தீவில், பாறையின் இடைவெளிதான் பெரும்பாலும் அந்த வழி. நீர் வற்றும் நேரத்தில் அங்கே இழுப்பு கூடும். வலுத்தால் நொடிக்கு 2 மீட்டரையும் தாண்டும். தேர்ந்த நீச்சல்காரரும் அதை எதிர்த்துக் கரையேற முடியாது. ஏற்றமும் வற்றமும் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போவதால், முதல் நாள் சாதுவாக இருந்த நேரம் நான்காம் நாள் அப்படி இராது. அன்றன்றைய நேரத்தைச் சாப்பாட்டு அறையில் ஒரு பலகையில் எழுதிப் போடுங்கள்.

இந்த இழுப்பு ஆளை அடியில் அமுக்காது, வெளியே கொண்டுபோகும். எதிர்த்து நீந்திக் களைத்துப் போவதால்தான் உயிர் போகிறது. மல்லாந்து மிதக்க வேண்டும், கையை உயர்த்திக் காட்ட வேண்டும். இழுப்பு தளர்ந்ததும் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, அலை உடையும் இடம் வழியாகத் திரும்ப வேண்டும்.

பிள்ளையைப் பிடிக்க வெறுங்கையோடு பாயும் பெற்றோர் மூழ்குவது எங்களை மிகவும் வருத்தும் விஷயம். கரையில் ஒரு மிதவை வளையத்தை 25 மீட்டர் கயிற்றோடு தொங்கவிடுங்கள். வளையம் வரும்வரை, மூடி இறுகிய 20 லிட்டர் காலிக் கேனாவது அங்கே இருக்கட்டும். ஒருவரை மிதக்க வைக்க அது போதும்.

காற்றடைத்த பொம்மைகளை வாடகைக்கு விடுகிறீர்கள் என்றால், தென்னை ஓலை கடல் பக்கம் சாயும் நாளில் உள்ளேயே வைத்துப் பூட்டுங்கள். நீல நீச்சலுடை தண்ணீரில் மறைந்துவிடும், ஆரஞ்சு தூரத்திலும் தெரியும் என்பதை முன்பதிவின்போதே சொல்லலாம். சின்னப் பிள்ளைகளுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஒருவர் இருந்தாக வேண்டும். மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்துவதில்லை.

மீன் முள் குத்தினால், பெரியவர் தன் கையை வைத்துத் தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மேற்படாத வெந்நீரில் காலை வைக்கச் சொல்லுங்கள். சொறிமுட்டை (ஜெல்லி மீன்) கொட்டினால், எல்லா வகைக்கும் ஒரே மருந்து கிடையாது. சிலவற்றுக்கு வினிகர் உதவும், சிலவற்றுக்குக் கெடுதல். உங்கள் கரையில் எது வரும் என்று மீனவரிடமும் மருத்துவரிடமும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். மருத்துவமனைக்குப் படகில் எத்தனை நிமிடம், இரவில் படகோட்டி யார் என்பதும் அதே பலகையில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
கடல் நீச்சல் பயிற்றுவிப்போர்