ஸ்விஃப்டுக்குக் கேட்ட இன்ஜினுக்குப் பதிலாக எர்டிகா இன்ஜின் வந்தது தொடர்பான புகார்

வணக்கம்.

போனில் பேசிப் பேசி அலுத்துப்போய்தான் இதை எழுதுகிறேன். ஆர்டர் விவரம் எல்லாம் உங்கள் வாட்ஸ்அப்பில் இருக்கிறது. ஒவ்வொரு ஆளிடமும் முதலிலிருந்து கதை சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

நான் கேட்டது 2013 மாடல் ஸ்விஃப்ட் டீசலுக்கு 75 பிஎஸ் (குதிரைத்திறன்) இன்ஜின், காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் அனுப்புகிற டர்போவோடு. நீங்கள் அனுப்பியது எர்டிகாவிலிருந்து கழற்றிய 90 பிஎஸ். இரண்டும் அதே 1248 சிசி டி13ஏ ரக இன்ஜின்தான், சரி. ஆனால் என் வண்டியில் இருப்பது சாதா டர்போ, இதில் இருப்பது விஜிடி, அதாவது உள்ளே இறக்கைகள் திரும்பிக் காற்றழுத்தத்தை மாற்றிக்கொள்கிற டர்போ. என் வண்டியின் ஈசிஎம்மை, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்துகிற கம்ப்யூட்டரை வைத்து இது எப்படி ஓடும்? பழைய இன்ஜின் விற்பதையே தொழிலாக வைத்திருக்கும் உங்களுக்கு இது தெரியாது என்றால் யார் நம்புவார்கள்?

ஷெட்டில் மாற்றுகிற அன்றுதான் சீலைப் பிரிக்க வேண்டும், முன்னாடியே பிரித்தால் வாரண்டி கிடையாது என்று சொன்னது நீங்கள்தான். அதை நம்பி சனிக்கிழமை காலையில் என் இன்ஜினை இறக்கிவிட்டோம். புகை தள்ளியது, ஆயில் குடித்தது, ஆனாலும் தினமும் திருச்சியிலிருந்து தஞ்சாவூருக்கு என்னைக் கொண்டுபோய் விட்ட இன்ஜின் அது. திங்கட்கிழமை வண்டியில் வேலைக்குப் போய்விடலாம் என்றுதான் எல்லாத் திட்டமும். கறுப்பு ஷீட்டைக் கிழித்ததும் மெக்கானிக் அண்ணன் டர்போவைத் துணியால் துடைத்து, ஆக்சுவேட்டர் தண்டை விரலால் அசைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இது நம்ம வண்டியோடது இல்ல" என்றார். எனக்குக் கை கால் ஓடவில்லை.

உடனே உங்களுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் சொன்ன பதில்: "உங்க மெக்கானிக்குக்கு வேலை தெரியலன்னா நாங்க என்ன சார் பண்றது? பழைய டர்போவக் கழட்டி மாட்டிக்கோங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார், போனை வைத்துவிட்டார். 2007இல் ஸ்விஃப்ட் டீசல் வந்த காலத்திலிருந்து இதே இன்ஜினைப் பிரித்து மாட்டுகிற மனுஷனைப் பார்த்து சொல்கிற பேச்சா இது? என் பழைய டர்போ ஆயில் கக்குகிறது என்பதால்தானே டர்போவோடு சேர்த்துப் பணம் கட்டினேன்! உங்கள் நிறுவனத்தில் நல்லவர்களும் இருப்பார்கள், தயவுசெய்து அந்த அழைப்பின் பதிவை அவர்களில் ஒருவர் கேட்டுப் பாருங்கள்.

நேரில் வந்தால் தீர்ந்துவிடும் என்று இன்னொருவர் சொல்ல, லீவு போட்டு சென்னை மாதவரத்தில் இருக்கிற உங்கள் குடோனுக்கு வந்தேன். கேட்டுக்கு வெளியே வெயிலில் நிற்க வைத்து, மேனேஜர் இல்லை, நாளைக்கு வாருங்கள் என்றார்கள். திருச்சியிலிருந்து வந்தவனிடம் நாளைக்கு வா என்கிறார்கள்! வரச் சொன்னவருக்கு மேனேஜர் இருக்கமாட்டார் என்று தெரியாதா?

பில் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அதில் இன்ஜின் நம்பரே இல்லை, "பழைய இன்ஜின் 1" என்று மட்டும் போட்டிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி ஆர்டிஓவில் சொல்லி ஆர்சியில் நம்பரை மாற்ற வேண்டும், இந்த பில்லை வைத்து எப்படி மாற்றுவது? நாளைக்கு விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரன் கைவிரித்துவிடுவான். ஆர்டர் போடும்போதே நம்பரோடு பில் வேண்டும் என்று கேட்டு, தருகிறோம் என்று நீங்கள் எழுதியதும் என்னிடம் இருக்கிறது.

இந்த இன்ஜினால் என் பிழைப்பே நின்றுபோய்விட்டது. பஸ்ஸுக்கும் வாடகை வண்டிக்கும் கொட்டுகிற காசு, போன லீவு, ஷெட்டில் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிற வண்டி, இதற்கெல்லாம் யார் பதில் சொல்வது?

மரியாதையாகவே கேட்கிறேன். சரியான 75 பிஎஸ் இன்ஜினை, நம்பர் போட்ட பில்லோடு அனுப்புங்கள், இல்லையென்றால் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுங்கள். இதை ஏற்றிக்கொண்டு போகிற லாரி வாடகையும் உங்களுடையதுதான். ஒரு வாரம் பார்ப்பேன். அப்புறம் 1915 என்கிற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார், அதோடு நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கிற திருச்சியிலேயே போடலாம், நீங்கள்தான் இங்கே அலைய வேண்டியிருக்கும்.

பேசுவதாக இருந்தால் பொறுப்பான ஒருவர் அழையுங்கள். அன்றைக்குச் சிரித்தவர் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
திருச்சி வாடிக்கையாளர்