பாலாவுக்கு, ஸ்பிண்டில் விஷயமாக

அன்பு பாலா,

எல்லாரும் நலந்தானே? இங்கே சுங்கை சிப்புட்டில் தினமும் மதியத்துக்கு மேல் மழை. அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை, காலையில் ஒட்டுக்கடை வரை தானே நடந்து போய்ப் பசியாறிவிட்டு வருகிறார். நாம் இருந்த லயத்துப் பக்கம் போன மாதம் மோட்டாரில் போனேன். முழுக்கச் செம்பனை, நம் கிணற்றடி எங்கே இருந்தது என்றுகூடக் கண்டுபிடிக்க முடியவில்லை.

சரி, நீ கேட்டதுக்கு வருகிறேன். கம்ப்யூட்டர் சொல்படி மரம் செதுக்குகிற சிஎன்சி மிஷினுக்குச் சட்டம் பூட்டியாச்சு, வெட்டும் பிட்டைச் சுழற்றுகிற மோட்டார், அதான் ஸ்பிண்டில், 2.2 கிலோவாட் வாங்கட்டுமா என்று கேட்டிருந்தாய். வாங்காதேடா. நான் அதைத்தான் வாங்கினேன்.

பெரிதாக வாங்கினால் பின்னால் கவலையில்லை என்று நினைத்தேன். 80 மில்லிமீட்டர் குறுக்களவு, அஞ்சு கிலோ பக்கம் கனம். என் மிஷினோ அலுமினியச் சட்டத்தில் பிளாஸ்டிக் சக்கரம் உருளுகிற ரகம். கரண்டை அணைத்தால் ஸ்பிண்டிலை மேலும் கீழும் நகர்த்துகிற இசட் ஆக்சிஸ் தானாகச் சரிந்து இறங்கிப் பலகையில் முட்டிக்கொண்டு நிற்கும். ஆழமாக வெட்டலாம் என்று பார்த்தால் சட்டமே ஆடுகிறது, அப்புறம் அந்த 2.2 எதற்கு? நாம் செய்வது ரப்பர் மரத்தில் வீட்டுப் பெயர்ப்பலகை. அதற்கு 65 மில்லி, 800 வாட், இஆர்11 காலெட் (பிட்டைக் கவ்விப் பிடிக்கிற வளையம்) உள்ளது போதும், உன் சட்டமும் என்னுடையதைப் போலத்தானே. கார்பன் பிரஷ் வைத்த கை ட்ரிம்மரை மாட்டினால் இன்னும் மலிவு, ஆனால் நீ இருப்பது தாமான் குடியிருப்பு வீடு, அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு அக்கா சீரியல் பார்க்க முடியாமல் சண்டைக்கு வருவார்.

தண்ணீரில் குளிர்வதா காற்றிலா என்றால், நான் தண்ணீர்ப் பக்கம்தான், அவ்வளவு அமைதி. ஆனால் அந்தத் தண்ணீர் இருக்கும் வாளியை இறுக மூடி வை. நான் மூடாமல் விட்டு ஒரு வாரத்தில் கொசுப்புழு நெளிந்தது, டிங்கி காலத்தில் சுகாதார ஆள் பார்த்தால் அபராதம்தான்.

அடுத்ததை மட்டும் ரெண்டு தடவை படி. இந்த ஸ்பிண்டில் நேராகச் சாக்கெட்டில் ஓடாது, நடுவில் விஎஃப்டி வேண்டும், கரண்டின் ஹெர்ட்ஸை மாற்றி வேகத்தைக் கட்டுப்படுத்துகிற பெட்டி அது. 400 ஹெர்ட்ஸில் 24,000 சுற்று சுற்றுகிற மோட்டார் இது. விஎஃப்டி வரும்போது பெரும்பாலும் சாதாரண 50 ஹெர்ட்ஸ் மோட்டாருக்கான செட்டிங்கோடுதான் வரும். அப்படியே ஓட்டினால் 50 ஹெர்ட்ஸிலேயே முழு வோல்ட்டையும் கொடுத்துவிடும், சுருள் சூடாகிக் கருகும். ஹுவான்யாங் பிராண்டு விஎஃப்டி என்றால் அதன் செட்டிங்கில் முதலில் பிடி005-ஐ (உச்ச ஹெர்ட்ஸ்) 400 ஆக்கு, அப்புறம் பிடி004-ஐயும் (அடிப்படை ஹெர்ட்ஸ்) 400 ஆக்கு, பிடி143-இல் மோட்டாரின் காந்தத் துருவ எண்ணிக்கை 2. இதையெல்லாம் ஸ்பிண்டில் வயரைச் சேர்க்கும் முன்பே செய். சேர்த்த பிறகு 6,000, 12,000, 18,000 என்று படிப்படியாக, ஒவ்வொன்றிலும் கொஞ்ச நேரம் சும்மா ஓட விட்டு பேரிங் சூட்டைக் கையால் தொட்டுப் பார்.

இன்னொன்று, எர்த். எழுத்து பாதி செதுக்கியிருக்கும்போது மிஷின் திடீரென்று நின்று, ஓரத்து லிமிட் சுவிட்சில் முட்டிவிட்டது என்று அலாரம் காட்டும், ஆனால் அந்தச் சுவிட்சை எதுவும் தொட்டிருக்காது. மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் மீட்டரை எடுத்து ஸ்பிண்டில் பிளக்கின் நான்காவது பின்னில், அதாவது எர்த் பின்னில் ஒரு முனை, ஸ்பிண்டில் உடம்பில் ஒரு முனை வைத்தேன், பீப் இல்லை. மேல் மூடியைக் கழற்றினால் அந்தப் பின்னில் வயரே இல்லை! வெறும் பித்தளை மினுக்குகிறது. ஸ்பிண்டில் உடம்பில் கொஞ்சம் உப்புத்தாள் தேய்த்து, வளைய முனை போட்ட எர்த் வயரைத் திருகி, ஷீல்டு கேபிளுக்கும் மாற்றினேன். விஎஃப்டியின் மின் இரைச்சல் சுவிட்ச் வயரில் ஏறித்தான் அப்படிக் காட்டியிருக்கிறது, அதோடு அலாரம் ஒழிந்தது. ஷாக் அடிக்காமல் இருந்தது என் நல்ல நேரம்.

காலெட்டை நேராக ஸ்பிண்டிலுக்குள் போடாதே. முதலில் நட்டுக்குள் சாய்த்து அழுத்து, 'டக்' என்று உட்காரும், அப்புறம்தான் ஸ்பிண்டிலில் முடுக்கு. இல்லாவிட்டால் பிட் கோணலாகச் சுற்றும். ஸ்பிண்டில் பலகைக்கு நேர்குத்தாக நிற்கிறதா என்று பார்க்க, ஹேங்கர் கம்பியை வளைத்துக் காலெட்டில் மாட்டிக் கையால் ஒரு சுற்று சுற்றினேன், இடப்பக்கம் உரசியது, வலப்பக்கம் காகிதம் நுழைந்தது. 100 பிளஸ் பான டின்னை வெட்டி ஒரு துண்டு அடியில் செருகியதும் சரியாயிற்று.

முதல் பலகை ஓடும்போது அப்பா வந்து நின்றார். தோட்டத்தில் முப்பது வருஷம் தச்சு வேலை பார்த்தவர் இல்லையா, பலகையைப் பார்க்கக்கூட இல்லை, மூக்கை உறிஞ்சிவிட்டு, "இது வெட்டலடா, தேய்க்குது" என்றார். 18,000 சுற்றில் ரெண்டு பல் பிட், நிமிஷத்துக்கு 600 மில்லி ஓட்டியிருந்தேன். கணக்குப் போட்டால் ஒரு பல்லுக்கு 0.02 மில்லிகூட இல்லை. 1,800 ஆக்கினேன், 0.05 வந்தது, மாவாகக் கொட்டியது சீவலாகப் பறந்தது, கருகல் வாடையும் போயிற்று. அப்பா ஒரு சீவலை எடுத்து விரலில் நசுக்கிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

தைப்பூசத்துக்கு வருகிறாய்தானே? வரும்போது 6 மில்லி இஆர்20 காலெட் ரெண்டு வாங்கி வா, இங்கே கிடைக்கவில்லை, அதற்காக ஈப்போ வரை போகச் சோம்பலாக இருக்கிறது. காசு வந்ததும் தருகிறேன்.

உன்
மணியம்