வீட்டுத்தோட்டச் சங்கம், கோவை: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஆடிப்பட்டத்துக்கு நாட்டு விதைகளைப் பகிர்ந்துகொண்டோம். மண்புழு உரம் மொத்தமாக வாங்கிப் பிரித்துக் கொடுத்தோம். பொங்கல் விழா நல்லபடியாக நடந்தது. மாதக் கூட்டங்களில் இரண்டு, ஆள் சேராததால் நடக்கவில்லை.

இந்த ஆண்டின் பெரிய வேலை பூச்சிப் பதிவேடு. அதற்கு நோட்டு அச்சடித்தது வீண் செலவு என்று செயற்குழுவில் பேச்சு வந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

காலையில் தண்ணீர் ஊற்றும்போது பத்து நிமிடம் செடியைப் பார்த்து, எந்தச் செடியில் என்ன வந்தது, என்ன செய்தது என்று எழுத வேண்டும். மருந்து எதுவானாலும், வேப்பெண்ணெயே ஆனாலும், எழுதிய பிறகுதான் அடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஏன் இந்த நிபந்தனை? புரட்டாசியில் உறுப்பினர் ஒருவர் கத்தரி இலையெல்லாம் சல்லடையாகிவிட்டது என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். இலைக்கு அடியில் மஞ்சளாக, முள்முள்ளாகப் புழுக்கள். மேலே மங்கிய செம்பழுப்பு நிறத்தில், உடம்பெல்லாம் புள்ளி போட்ட வண்டுகள். இலையைச் சுரண்டித் தின்பவை இவைதான். கையால் பொறுக்கி சோப்புத் தண்ணீரில் போட்டால் போதும். அவரோ பக்கத்துத் தட்டைப்பயறுக் கொடியில் இருந்த பொறிவண்டுகளையும் இதே இனம் என்று நினைத்து நசுக்கியிருந்தார். அவை பளபளப்பானவை, புள்ளியும் குறைவு, செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்று நம்மைக் காப்பவை. பத்தே நாளில் கொடி முழுக்க அசுவினி அப்பிக்கொண்டது, எறும்பும் ஏறிவிட்டது.

என் வீட்டிலும் ஒன்று நடந்தது. தண்ணீர்க் குழாய்மேல் குளவி கட்டியிருந்த மண்கூடுகளை இடிக்கலாம் என்று குச்சியோடு போனேன். சின்னக் குடம் மாதிரி, வாய் மட்டும் விளிம்பு வைத்தது போல் இருந்தன. முதல் கூடு உடைந்ததும் உள்ளே ஐந்து பச்சைப் புழுக்கள். சாகவும் இல்லை, நகரவும் இல்லை. குளவி கொட்டி மயக்கி, தன் குஞ்சுக்காகச் சேர்த்து வைத்த தீனி அது. மற்றக் கூடுகளை நான் தொடவில்லை.

கறிவேப்பிலையில் பறவை எச்சம் என்று பலர் எழுதியிருந்தது கறிவேப்பிலை அழகி வண்ணத்துப்பூச்சியின் இளம் புழு. வளர்ந்ததும் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பு நீட்டி ஒரு வாடை விடும். வளர்ந்த மரமென்றால் நாலைந்து புழுவை விட்டுவைக்கலாம், மரம் தாங்கும். அரணை, தேரை, நத்தை தின்ன வரும் செண்பகப் பறவை எல்லாம் நோட்டுகளில் இருக்கின்றன. ஒரு வீட்டில் சாரைப்பாம்பு வந்து, அடிக்காமல் விட்டிருக்கிறார்கள். அந்தக் குடும்பத்துக்கு என் தனிப்பட்ட நன்றி.

பூச்சியைப் பூச்சியே அடக்குவது நம் ஊருக்குப் புதிதும் இல்லை. பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதலில் தென்பட்டது 2008இல், இதே கோவையில்தான். 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விட்ட, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒட்டுண்ணிக் குளவிதான் அதை அடக்கியது.

40 நோட்டு கொடுத்தோம், திரும்பி வந்தவை 11. விதை வாங்க வந்த கூட்டம் நோட்டைக் கொடுக்க வரவில்லை. சந்தாவும் அப்படியே. ஏறக்குறைய பாதிப் பேர் பாக்கி வைத்திருக்கிறார்கள். நான்கு முறை நினைவூட்டியும் சிலர் பதில்கூடச் சொல்லவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

வரவுக்கும் செலவுக்கும் ஓரளவு சரியாகப் போய்விட்டது. கையிருப்பு சொற்பம். விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. கூட்டத்துக்கு மாடி கொடுத்தவர்களுக்கும், தலைவருக்கும், செயற்குழுவுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்புக்கு யாராவது முன்வந்தால் மனநிறைவோடு ஒப்படைக்கிறேன். யாரும் வராவிட்டால் நானே தொடர்கிறேன். ஆனால் இப்போதுள்ள பணத்தில் விதை வாங்கலாம் அல்லது நோட்டு அச்சடிக்கலாம், இரண்டும் முடியாது. ஆடிக்கு முந்தைய கூட்டத்துக்கு வரும்போது பாக்கிச் சந்தாவையும், வீட்டில் இருக்கும் நோட்டையும் கொண்டுவாருங்கள். ஒரே ஒரு பக்கம் எழுதியிருந்தாலும் சரி.

இப்படிக்கு,
செயலாளர்