பிரிக்ஸ் நிதியில் அந்த 30 விழுக்காடு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா, தென்னாப்பிரிக்கா முதலான நாடுகளின் பிரிக்ஸ் அமைப்பு மாநாடு கூட்டும்போதெல்லாம், நெருக்கடியில் நாடுகளுக்குக் கடன் தரும் ‘சர்வதேச நிதியத்துக்கு (ஐ.எம்.எஃப்.) மாற்று வந்துவிட்டது’ என்ற பேச்சு கிளம்புகிறது. இந்தியா, பிரேசில், தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளின் கை ஓங்குவது மனதார வரவேற்க வேண்டியதுதான். ஆனால், அந்த மாற்றின் ஒப்பந்த விதிகளைப் படித்துப் பார்த்தால் கவலைதான் மிஞ்சுகிறது.

இரண்டு தனித்தனி ஏற்பாடுகளை நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஷாங்காயில் இருக்கும் புதிய வளர்ச்சி வங்கி சாலை, ரயில், குடிநீர்த் திட்டங்களுக்குக் கடன் தருவது. சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்திலும் அதன் பணம் இருக்கிறது. வங்கியைத் தொடங்கிய ஐந்து பிரிக்ஸ் நாடுகளும் தலா 1,000 கோடி டாலர் பங்கு ஏற்றன. யாருக்கும் வீட்டோ (முடிவைத் தனியாகத் தடுக்கும் அதிகாரம்) கிடையாது. தென்னாப்பிரிக்காவைவிட 40 மடங்குக்கு மேல் பெரிய பொருளாதாரமான சீனாவுக்கும் அங்கே அதே வாக்குதான். இது உண்மையான சாதனை.

டாலர் வற்றிப்போகும் நேரத்தில் கைகொடுக்க வேண்டியது இந்த வங்கி அல்ல. 2014 ஜூலையில் பிரேசிலின் ஃபோர்ட்டலேசா நகரில் கையெழுத்தான அவசரக் கையிருப்பு ஏற்பாடு. மொத்தம் 10,000 கோடி டாலர். சீனா 4,100 கோடி, இந்தியா, பிரேசில், ரஷ்யா தலா 1,800 கோடி, தென்னாப்பிரிக்கா 500 கோடி. பணம் ஓரிடத்தில் குவித்து வைக்கப்படவில்லை. அவரவர் மத்திய வங்கியிலேயே இருக்கும். ஒரு நாடு கேட்டால், அதன் நாணயத்தை வாங்கிக்கொண்டு டாலரைக் கொடுப்பார்கள்.

சிக்கல், பணத்தை எடுக்கும் இடத்தில்தான் இருக்கிறது. இந்தியா அதிகபட்சம் 1,800 கோடி டாலர் கேட்கலாம். அதில் 30 விழுக்காடு, அதாவது 540 கோடிதான் பிரிக்ஸ் நாடுகளின் சொந்த முடிவில் கிடைக்கும். மீதி 1,260 கோடி வேண்டுமென்றால், சர்வதேச நிதியத்திடம் கடன் திட்டம் போட்டு, அதன் நிபந்தனைகளின்படி நடப்பதாகக் காட்ட வேண்டும். நம் சரக்கு இறக்குமதி மாதத்துக்கு 5,000 கோடி டாலரைத் தாண்டுகிறது. 540 கோடி ஏறக்குறைய மூன்று நாளுக்குத்தான் வரும்.

அந்த நிதியத்திலோ நமது கோட்டா (வாக்குக்கு அடிப்படையான பங்கு) 2.75 விழுக்காடு, பிரிட்டனுக்கும் பிரான்ஸுக்கும் தலா 4.23. கோட்டாவை மாற்ற 85 விழுக்காடு வாக்கு வேண்டும். 16 விழுக்காட்டுக்கு மேல் வைத்திருக்கும் அமெரிக்கா தனியாகவே தடுத்துவிடலாம். 2010இல் ஒப்புக்கொண்ட சீர்திருத்தம், அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஒப்புதலுக்காகக் காத்துக் கிடந்து 2016இல்தான் நடைமுறைக்கு வந்தது. 2023 டிசம்பரில் கோட்டாவை 50 விழுக்காடு கூட்ட முடிவானபோதும், எல்லோருக்கும் ஒரே விகிதம் என்றார்கள். பங்கு அப்படியே நின்றது.

இந்த முடிச்சு என்ன செய்யும் என்பதற்குக் கொரியா சாட்சி. தென்கிழக்காசியாவின் ஆசியான் நாடுகளும் சீனா, ஜப்பான், தென்கொரியாவும் சியாங் மாய் என்ற இதே போன்ற ஏற்பாட்டை வைத்திருந்தன. அன்று அதில் 80 விழுக்காடு நிதியத்தோடு கட்டப்பட்டிருந்தது. 2008 அக்டோபரில் தன் நாணயமான வோன் சரிந்தபோது கொரியா அந்தப் பக்கம் போகவில்லை. அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்விடம் 3,000 கோடி டாலர் வரை மாற்றிக்கொள்ள ஒப்பந்தம் போட்டது. 1997 நெருக்கடியில் நிதியத்திடம் கடன் வாங்கிப் பட்ட பாட்டுக்குப் பிறகு அதன் வாசலில் மறுபடி நிற்க அவர்களுக்கு மனமில்லை.

ஆசியான் பாடம் கற்றது. கடன் கேட்கும் நாட்டின் கணக்கைப் படித்துச் சொல்லத் தனக்கென்று ஆள் இல்லாததால்தான் நிதியத்தின் சான்றை நம்ப வேண்டியிருந்தது. 2011இல் சிங்கப்பூரில் அதற்கென்றே ஓர் அலுவலகம் திறந்தார்கள். நிதியத்தோடு கட்டுப்படாத பங்கு 20இலிருந்து 2014இல் 30, 2021இல் 40 விழுக்காடானது.

பிரிக்ஸிடம் அப்படி ஓர் அலுவலகம் இல்லை. 2026க்கான தலைமைப் பொறுப்பு இந்தியாவிடம் இருக்கிறது. பொது நாணயம் பற்றிய பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு, உறுப்பு நாடுகளின் கணக்கை ஆண்டுதோறும் ஆராயும் ஒரு குழுவை முதலில் அமைக்கட்டும். அதன் முதல் அறிக்கை வந்த கையோடு 30ஐ 40 ஆக்க இந்தியாவே முன்மொழிய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருநெல்வேலி